எண்ணூர்க் கழியிலிருந்து நாகலாபுரம் மலைக்கு

சென்னைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, நகரி, நாகலாபுரம், கம்பாக்கம் ஆகிய மலைகள் இருக்கின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சிதறிய துண்டுகள் இவை. நீலகிரியோடு ஒப்பிட்டால் உயரம் ஒன்றுமில்லை. ஆனால் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும்புவதால் தொலைவிலிருந்தே கண்ணில் படும். நகரி மலையின் மூக்குப் போன்ற முனை கடலிலிருந்தும் தெரியும். மதராஸ் கரையை நெருங்கிய கப்பல்களுக்கு அது ஓர் அடையாளமாக இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய வடசென்னையின் ராயபுரத்துக்கும் இந்த மலைகளுக்கும் இருந்த முதல் தொடர்பு அதுதான் எனலாம்.

இரண்டாவது தொடர்பு தண்ணீர். நகரி மலைப் பக்கத்து நீர் நகரி ஆறாக வந்து பூண்டிக்கு மேலே கொசஸ்தலை ஆற்றில் கலக்கிறது. கொசஸ்தலை, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர்க் கழியில் கடலைத் தொடுகிறது. நாகலாபுரம் பக்கத்து ஓடைகள் ஆரணி ஆற்றுக்குப் போகின்றன. அது ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியை அடைகிறது. வடசென்னை மக்கள் வெளியில் காற்று வாங்கவும் குளிக்கவும் படகு விடவும் மலையேறவும் போன இடங்கள் ஏறத்தாழ எல்லாமே இந்த இரண்டு ஆறுகளின் வழியில்தான் அமைந்திருக்கின்றன. அந்த வரலாறு ஆற்றின் கடைக்கோடியில் தொடங்கி, இருநூறு ஆண்டுகளில் மெல்ல மெல்ல மலைப்பக்கம் நகர்ந்தது.

தொடக்கம் எண்ணூர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதராஸ் வெள்ளையர்களின் ஓய்வுத் தலங்களில் அது பெயர்பெற்றது. கோட்டையிலிருந்து வண்டியில் காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம். கடலுக்கும் கழிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. ஒருபுறம் அலை, மறுபுறம் அசையாத நீர். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கடலின் வேகத்தைத் தடுப்பதால் கழியில் பாய்மரப் படகு விடுவது பயமில்லாத விளையாட்டு. பிற்பகலில் கடற்காற்று தவறாமல் எழும். உப்பும் நன்னீரும் கலக்கும் இடமென்பதால் மீன், இறால், நண்டு, சிப்பி எல்லாம் மிகுதி. கும்பினி அதிகாரிகளும் வணிகர்களும் அங்கே பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள், கூடிப் பேசவும் விருந்துண்ணவும் ஓர் இல்லமும் வைத்திருந்தார்கள். படகுச் சவாரியும் மீன் விருந்தும்தான் அன்றைய எண்ணூரின் புகழ். படகை ஓட்டியவர்களும் சிப்பி எடுத்தவர்களும் கழியோரக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். துரைகளின் பொழுதுபோக்கு அவர்களுக்குக் கூலி வேலை என்பதைப் பழைய பயணக் குறிப்புகள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

எண்ணூருக்குப் போகும் வழியை எளிதாக்கியது ஒரு கால்வாய். கடற்படைக்குச் சரக்கு வழங்கிய ஒப்பந்தக்காரர் பேசில் கோக்ரேன், மதராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் 1806இல் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் அது பழவேற்காடு வரை நீண்டது. 1837இல் அரசு அதை ஏற்றுக்கொண்டு, வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கொண்டே போனது. 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக ஒரு பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. சரக்குக்காகவே வெட்டிய வழி அது. ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்கும் விறகும், எண்ணூர்ப் பக்கத்து உப்பும் அதன் வழியாகத்தான் பேசின் பிரிட்ஜ் வந்து சேர்ந்தன. ஆனாலும் விடுமுறையில் கூரை போட்ட படகில் படுத்துக்கொண்டு, இரவெல்லாம் கரையிலிருந்து இழுக்கப்பட்டு, விடியலில் ஏரியில் கண் விழிப்பது மதராஸில் ஓர் ஏற்கப்பட்ட இன்பச் சுற்றுலாவாகவே இருந்தது. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு கால்வாய்ப் போக்குவரத்து மீளவில்லை.

எண்ணூரின் மவுசு குறைந்ததற்குத் தொழிற்சாலைகளைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். அதற்கு வெகு முன்பே வெள்ளையர்கள் மலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். 1819இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார்; சில ஆண்டுகளில் ஊட்டி உருவானது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் சமவெளியின் நோய்கள் என்று நம்பிய காலம் அது. மலைக்காற்று மருந்தானபின், கடலோரக் கழி இரண்டாந்தரமானது.

அந்த மாற்றத்துக்கு ராயபுரமே வாசலாக அமைந்தது. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி, இன்றைய வாலாஜா ரோடு வரை ஓடியது. 1862இல் பாதை மேற்குக் கடற்கரையின் பேப்பூரை எட்டிவிட்டது. 1873இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்படும் வரை, மேற்கே போகும் ரயில்களுக்கு ராயபுரமே புறப்பாட்டு இடம். ஊட்டிக்குப் போக நினைத்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வந்து நின்றது ராயபுரத்தின் தூண் வரிசைகளுக்குக் கீழேதான். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் மலை ரயில் ஏறியபின் எண்ணூர் பங்களாக்களை நினைத்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

அதே காலத்தில் வடசென்னை தன் கடற்கரையையும் இழந்தது. 1875இல் அடிக்கல் நாட்டி, 1881 புயலில் நொறுங்கி, மீண்டும் கட்டப்பட்ட மதராஸ் துறைமுகத்தின் கைச்சுவர்கள் கடலில் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். அது தடுக்கப்பட்டால் தடுப்புக்குத் தெற்கே கரை வளரும், வடக்கே கரை கரையும். தெற்கே வளர்ந்த அகன்ற மணல்தான் மெரீனா. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கே உலாவும் சாலை போட்டுப் பெயரும் வைத்தார். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளில் கடல் தெருத்தெருவாக உள்ளே வந்தது. இன்று அங்கே மணலுக்குப் பதில் கருங்கல் கொட்டிய அரண். பட்டினத்தார் சமாதி இருக்கும் திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்று பார்ப்பவருக்கு, ஒரு நகரத்தின் ஒரு பாதி உலாவ இடம் பெற்றது மறுபாதியின் செலவில் என்பது விளங்கும்.

துரைமார் கதை இப்படி. உள்ளூர் மக்கள் வீட்டை விட்டு வெளியே போய்த் தங்கிக் குளித்துச் சமைத்துச் சாப்பிட்டு வந்தது வேறு வழியில். அதைப் பொழுதுபோக்கு என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை, வேண்டுதல் என்றார்கள். ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலின் ஆடித் திருவிழா பத்து வாரங்களுக்கு மேல் நடக்கும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், வியாசர்பாடி என்று பேட்டை பேட்டையாகக் குடும்பங்கள் கிளம்பும். முன்பு மாட்டுவண்டி, பிறகு லாரி, இப்போது வேன். சனிக்கிழமையே போய், ஆற்று மணலில் கீற்றுக் கொட்டகை போட்டு, ஆற்றில் ஊற்று தோண்டி நீர் எடுத்து, பொங்கல் வைத்து, கோழி அறுத்து, இரவெல்லாம் பம்பை உடுக்கையோடு விழித்திருப்பார்கள். காலையில் குளித்துவிட்டு வேப்பிலையைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு கோயிலை வலம்வருவது அம்மனுக்கான நேர்த்தி. ஒரு குடும்பத்தில் குழந்தைகள் முதன்முதலில் ஆற்றில் இறங்குவதும், கூரை இல்லாத இடத்தில் தூங்குவதும் பெரும்பாலும் பெரியபாளையத்தில்தான். முகாம் வாழ்க்கை என்று ஆங்கிலப் பள்ளிகள் சாரணர் இயக்கம் மூலம் கற்பித்ததை இந்தப் பேட்டைகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தன, மாமன் மச்சான், பாத்திர பண்டத்தோடு.

இன்னொரு வழி புரட்டாசி நடை. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர்கள் ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் என்று மலையோரமாகவே நடப்பார்கள். சுருட்டப்பள்ளியில் சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். நாகலாபுரத்தில் வேதநாராயணர் மச்ச வடிவில் இருக்கிறார். கிருஷ்ணதேவராயர் தன் தாயின் பெயரால் அமைத்த ஊர் என்பது மரபு. வழியில் கைலாசகோனா அருவி. பாறையிலிருந்து விழும் நீரும், பக்கத்திலேயே சிவன் சன்னதியும். நடந்த கால்வலிக்கு அருவிக் குளியல் மருந்து. நடைக்காரர்களின் பேச்சின் வழியாகத்தான் இந்த மலையடிவாரங்கள் வடசென்னைக்குப் பழக்கமாயின. பின்னாளில் ட்ரெக்கிங் குழுக்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்ட இடங்களில் பலவற்றை ஆடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டிகளும் கோவிந்தா போட்டு நடந்தவர்களும் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள்.

இங்கே நடந்து அலைந்த ஒரு வெள்ளையரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கற்கருவிகளைக் கண்டார். அங்கே பின்னர் சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வு, அக்கருவிகளில் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011இல் வெளியிட்டது. அத்திரம்பாக்கத்துக்கு அருகே, பூண்டிக்கு மேற்கில், அல்லிக்குழி மலையில் குடியம் குகைகள் இருக்கின்றன. கூழாங்கற்கள் இறுகிய பாறையில் காற்றும் நீரும் குடைந்த பெரிய ஒதுங்கிடங்கள் இவை. 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டிப் பார்த்தது. ஊர்மக்கள் அதற்கு முன்பிருந்தே குகையில் அம்மனை வைத்துப் பொங்கலிட்டு வருகிறார்கள்.

ஆற்றின் நடுப்பகுதி 20ஆம் நூற்றாண்டில் நகரத்தின் குடிநீர்த் தொட்டியானது. மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தது. அவர் அதைக் காண உயிரோடு இல்லை. பூண்டி வந்தபின் கொசஸ்தலையில் வெள்ளக் காலம் தவிர மற்ற மாதங்களில் கீழே வரும் நீர் சுருங்கியது. கழிக்கு வந்து சேரும் நன்னீரும் குறைந்தது. இன்னொரு பக்கம், காணும் பொங்கலுக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போக அணைக்கரை என்ற புது இடம் கிடைத்தது.

அடுத்த மாற்றத்தை எல்லைக்கோடு செய்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபின், எல்லைத் தகராறைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஈடாக செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. முருகன் கோயில் கிடைத்த மகிழ்ச்சியில் தமிழ்நாட்டில் அருவிகளைப் பற்றி யாரும் அன்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கம்பாக்கம் மலையும் அதன் ஓடைகளும் அந்தப் பக்கம் ஆயின. நாகலாபுரமும் நகரியும் முன்பே சித்தூர் மாவட்டம். ஆக, சென்னைக்கு மிக அருகிலுள்ள அருவிகள் எல்லாமே அண்டை மாநிலத்தின் காட்டுத்துறைக்குக் கீழ் வந்தன.

கீழே, கழியோரத்தில், தொழில் வளர்ந்தது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. 1960களில் மணலி சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம். பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில்கள் இவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாம்பல் குழம்பும் சுடுநீரும் கழியில் இறங்கின, உப்பளங்களும் அலையாத்தி நிலங்களும் நிரப்பப்பட்டன, முகத்துவாரம் தூர்ந்தது. 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதை வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழி முழுவதும் படர்ந்து, காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. ஒரு காலத்தில் சிப்பிக்காகவே ஆட்கள் வந்த நீர் அது.

எனவே, வார விடுமுறைக்கு நீரும் நிழலும் தேடியவர்கள் வடக்கே மேலும் போனார்கள். புறநகர் மின்சார ரயில் சூலூர்ப்பேட்டை வரை போகிறது. தடாவில் இறங்கி, வரதையபாளையம் வழியாகப் போனால் உப்பலமடுகு; சென்னைக்காரர்கள் வாயில் அது தடா ஃபால்ஸ். 1990களிலிருந்து கல்லூரி மாணவர்களின் முதல் மலையேற்றம் பெரும்பாலும் அங்கேதான். நாகலாபுரத்துக்கு ஊத்துக்கோட்டை வழி. ஆரை என்ற ஊருக்கு அப்பால் ஏரிக்கரையில் தொடங்கி, ஓடைப்படுகையிலேயே பாறைக்குப் பாறை தாவிப் போகும் தடம் அது. வடகிழக்குப் பருவமழையின்போதும் அதை அடுத்தும், நவம்பர் முதல் ஜனவரி வரை மடுக்கள் நிரம்பியிருக்கும். மார்ச்சுக்குப் பிறகு பல ஓடைகள் காய்ந்துவிடும்.

இந்த மலைகளின் அழகுக்கும் ஆபத்துக்கும் காரணம் ஒரே பாறை. நகரி குவார்ட்சைட் என்று நிலவியலாளர் பெயரிட்ட இந்தக் கடினப் பாறை எளிதில் தேய்வதில்லை, விரிசல் விழுந்த கோட்டில் நேராகப் பிளக்கிறது. அதனால் சுவர் போன்ற செங்குத்துகள், அவற்றின் அடியில் கிணறு போன்ற மடுக்கள். தெளிந்த நீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். நீச்சல் தெரியாதவர் ஓரடி தள்ளி வைத்தால் தரை இருக்காது. ஓடைகள் குட்டையானவை, சரிவு அதிகம். மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், கீழே பள்ளத்தாக்கில் நிற்பவர் ஓட நேரமில்லாமல் வெள்ளம் வந்துவிடும். தடாவிலும் நாகலாபுரத்திலும் மூழ்கிச் செத்தவர்களில் இளைஞர்களே அதிகம். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் செக்போஸ்ட் இறுகும், சில மாதங்களில் தளரும்.

2008இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பீட்டர் வான் கெய்ட் தொடங்கிய சென்னை ட்ரெக்கிங் கிளப் இந்தப் பழக்கத்துக்கு ஓர் ஒழுங்கையும் பெருங்கூட்டத்தையும் கொண்டுவந்தது. கட்டணம் வாங்காமல், செலவைப் பகிர்ந்துகொண்டு, தன்னார்வலர்களே வழிநடத்தும் முறை அது. ஐ.டி. நிறுவனங்களில் உட்கார்ந்தே வேலைபார்த்த ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் முதன்முதலாகக் கூடாரத்தில் தூங்கினார்கள். நாகலாபுரம் அவர்களுடைய பயிற்சிக் களமாக இருந்தது. வழிகாட்டிகளுக்குக் காட்டின் பழக்கம் எவ்வளவு என்பதைச் சோதிக்க ஏற்பாடு எதுவும் அப்போது அரசிடம் இல்லை.

அதன் விலை வேறு மலையில் தெரிந்தது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த சென்னைக் குழுவும் கொங்குப் பகுதிக் குழுவும் காட்டுத்தீயில் சிக்கின. காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை அவர்கள் கணிக்கவில்லை; 23 பேர் இறந்தார்கள். அரசு அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்றே விதிகளை வெளியிட்டது. தடங்கள் எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரிக்கப்பட்டன. முன் அனுமதி, கட்டணம், பயிற்சி பெற்ற வழிகாட்டி ஆகியவை கட்டாயமாயின. தீ பரவும் பருவத்தில் தடங்கள் மூடப்பட்டன. தடை நீண்டகாலம் நடைமுறையில் மலைகளையே பூட்டிவிட்டது என்று மலையேறிகள் குறைபட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புல்சரிவில் கூட்டமாக நடப்பது மடமை என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

2024 அக்டோபர் 24ஆம் தேதி தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 14 மாவட்டங்களில் 40 தடங்களை அறிவித்தது. மலையடிவாரக் கிராமங்களையும் பழங்குடி ஊர்களையும் சேர்ந்த இளைஞர்களே வழிகாட்டிகள். திருவள்ளூர் மாவட்டப் பட்டியலில் குடியம் குகைத் தடம் இடம்பெற்றது. வடசென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய, முறையான அனுமதியுள்ள காட்டுத்தடம் அது. வழியில் அருவி கிடையாது. கொசஸ்தலைப் படுகையின் கூழாங்கற்களும் முட்புதர்க் காடும் குகையில் அம்மனும் உண்டு. எண்ணூர்க் கழியில் படகு விளையாட்டு எதுவும் இந்த வகைத் திட்டங்களில் இல்லை. நீர் இருக்கும் நிலையில் இப்போதைக்கு அதற்குக் கேட்பாரும் இருக்க முடியாது.

தடாவுக்கும் நாகலாபுரத்துக்கும் தமிழ்நாட்டு விதிகள் செல்லாது. அங்கே ஆந்திர வனத்துறையின் உத்தரவே செல்லும்; அது பருவத்துக்குப் பருவம் மாறும். மழை பெய்த வாரத்தில் போக நினைப்பவர்கள் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள வன அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.